அப்பாவுக்கு முட்டி வலி, ஸ்டான்லி பார்க்கை எப்படி சுத்திக் காட்டுறது?

நெல்லை_பர்னபி:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்லருந்து அப்பா அம்மா வந்து மூணு வாரம் ஆச்சு, இதுவரைக்கும் மால், கோயில், எங்க வீட்டு பால்கனி, இது மூணுதான் காட்டியிருக்கேன், அம்மா நேரடியாவே கேட்டுட்டாங்க "இதுக்கா இருபது மணி நேரம் பிளைட்ல உக்காந்து வந்தோம்"னு. அதனால இந்த சனிக்கிழமை வான்கூவர் ஸ்டான்லி பார்க் போகலாம்னு இருக்கேன். நான் வந்து ரெண்டு வருஷம் ஆகுது, ஒரே ஒரு தடவை ஆபீஸ் பசங்களோட சைக்கிள்ல சுத்தினேன், மூச்சு வாங்குனதைத் தவிர எதுவும் ஞாபகம் இல்ல.

பிரச்சனை என்னன்னா அப்பாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு, ஒரு கிலோமீட்டர் நடந்தா உக்காரணும். ஆனா வீல்சேர்னு வாயத் திறந்தா கோவம் வரும். பி.டபிள்யூ.டி.ல ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவர், எதைக் காட்டினாலும் "இதுல என்ன இருக்கு"ம்பாரு. அம்மா நல்லா நடப்பாங்க, பூ, மரம், பறவைன்னா உசுரு. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும். பிளான் போட்டுக் குடுங்க சாமிகளா.

சைக்கிள்_சாமி:
ப்ரோ ரொம்ப சிம்பிள். சீவால் லூப், அதாவது பார்க்கைச் சுத்தி கடலோரமா போற பாதை, கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர், சைக்கிள் வாடகைக்கு எடு, டென்மன் ஸ்ட்ரீட் பக்கம் கடை நிறைய இருக்கு, ஒன்றரை மணி நேரத்துல மொத்தமும் முடிஞ்சுரும். கடல், பாலம், பீச், எல்லாம் ஒரே ரவுண்டுல கவர் ஆயிரும்.

கொங்கு_மருமக:
சாமி, அவரு முட்டி தேஞ்சிருக்குன்னு சொல்றாரு, நீங்க சைக்கிள் மிதிக்க சொல்றீங்க 😂

சைக்கிள்_சாமி:
ஓ சாரி, பாதிதான் படிச்சேன். ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் இருக்கு, பின்னால உக்கார வெச்சுக்கலாமே?

கொங்கு_மருமக:
வேணவே வேணாங்க. எங்க மாமனாரை அப்படித்தான் ஏத்துனோம். அதுலயும் எங்க வீட்டுக்காரரு இங்கிலீஷ் பே பக்கத்துலருந்து ஆரம்பிச்சு ரிவர்ஸ்ல போயிட்டாரு. அங்க சைக்கிளுக்கு ஒன்வே, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில மட்டும்தான் போகணும், அதாவது ஜார்ஜியா ஸ்ட்ரீட் பக்கம் நுழைஞ்சு ப்ராக்டன் பாயிண்ட், பாலத்துக்கு அடில, அப்பறம் மேற்குக் கரை, கடைசியா இங்கிலீஷ் பே. நாங்க எதிர்ல போக, வந்தவங்க எல்லாம் மணி அடிக்கறாங்க, கை ஆட்டறாங்க. மாமனாரு அவங்க வணக்கம் சொல்றாங்கன்னு நெனச்சு எல்லாருக்கும் பதிலுக்குக் கை ஆட்டிக்கிட்டே வந்தாரு. கடைசில ஒரு பாட்டி நிறுத்திச் சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது. நடக்கறவங்க மட்டும் எந்தப் பக்கம் வேணா போலாம், சில இடத்துல சைக்கிள்ல இருந்து எறங்கித் தள்ளிட்டுப் போகச் சொல்லி போர்டு இருக்கும், அதையும் பாத்துக்குங்க.

ரெயின்கோட்_ராணி:
நான் இந்த ஊர்ல 14 வருஷம். வர்ற விருந்தாளி எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போயி எனக்கே கைடு லைசன்ஸ் குடுக்கலாம். முதல்ல ஒரு விஷயம் தம்பி, "ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்" அப்படிங்கறதை விட்டுருங்க. 405 ஹெக்டேர், அதாவது ஆயிரம் ஏக்கர் இடம். நடந்தா லூப் மட்டுமே மூணு மணி நேரம். அதுலயும் லயன்ஸ் கேட் பாலத்தைத் தாண்டி தேர்ட் பீச் வர்ற வரைக்கும் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் கடல், நடுவுல ஏறி வெளிய வர வழியே கிடையாது, பாத்ரூமும் கிடையாது. வயசானவங்களைக் கூட்டிட்டு அதுல மாட்டினா அழுகையே வந்துரும், எனக்கு வந்திருக்கு.

கார்ல போங்க. உள்ள ஸ்டான்லி பார்க் டிரைவும் ஒன்வேதான், சைக்கிள் மாதிரியே அதே திசை. பார்க்கிங் எல்லா இடத்துலயும் காசு. நுழையறதுக்கு டிக்கெட் எதுவும் இல்ல. அக்வேரியத்துக்கு மட்டும் தனி டிக்கெட், 1956ல திறந்தது, குழந்தைங்க இல்லேன்னா நான் போக மாட்டேன்.

நிறுத்த வேண்டிய இடம் வரிசையா சொல்றேன்: டோட்டம் கம்பம் (பழங்குடி மக்கள் உருவம் செதுக்கின உயரமான மரத்தூண்), அடுத்து ப்ராஸ்பெக்ட் பாயிண்ட்ல மேலருந்து பாலத்தைப் பாக்குறது, அப்பறம் ஹாலோ ட்ரீ, அப்பறம் தேர்ட் பீச். நாலு இடம் போதும். அம்மா பூ பாக்கணும்னா திரும்பும்போது ரோஸ் கார்டன், ஜூன் கடைசின்னா நல்லா பூத்திருக்கும்.

நெல்லை_பர்னபி:
அக்கா சூப்பர். ஹாலோ ட்ரீன்னா என்ன, பொந்து மரமா?

ரெயின்கோட்_ராணி:
ஆமா, பொந்து மரம்தான். வெஸ்டர்ன் ரெட் சீடர், எழுநூறு எண்ணூறு வருஷத்து மரம், செத்து ரொம்ப காலம் ஆச்சு, அடிக்கட்டை மட்டும்தான் நிக்குது. அந்தக் காலத்துல குதிரை வண்டி, கார் எல்லாம் பின்னால விட்டு அந்தப் பொந்துக்குள்ள நிறுத்தி போட்டோ எடுப்பாங்க, பழைய போட்டோ நிறைய இருக்கு. 2006 டிசம்பர்ல ஒரு பேய்க்காத்து அடிச்சு பார்க்ல சுமார் பத்தாயிரம் மரம் ஒரே ராத்திரியில சாஞ்சுது, அதுல இதுவும் சரிஞ்சு நின்னுச்சு. ஆபத்துன்னு சொல்லி வெட்டிடலாம்னு 2008ல பார்க் போர்டு முடிவே பண்ணிட்டாங்க, அப்பறம் ஜனங்க கூடி காசு சேத்து, உள்ள இரும்புச் சட்டம் குடுத்து நிமித்தி வெச்சிருக்காங்க. செத்த மரத்துக்கு இவ்ளோ பாடான்னு எங்க அத்தை கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல, ஆனா பிடிச்சிருந்துச்சு.

பச்சைத்தமிழன்:
எனக்கு அங்க பிடிச்சதே அதுதான், ஊருக்கு நடுவுல மனுஷன் கையே படாத காடு. 1888ல பார்க்கா திறந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டு வெச்சிருக்கான் வெள்ளைக்காரன். நம்ம ஊர்னா பிளாட் போட்டு வித்திருப்போம்.

கல்வெட்டு_பித்தன்:
பச்சை, கோச்சுக்காதீங்க, "மனுஷன் கையே படாத காடு" அப்படிங்கறது அந்த பார்க் பத்தி சொல்ற மொத பொய். அங்க ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷங்க குடி இருந்திருக்காங்க. இப்ப லம்பர்மென்ஸ் ஆர்ச்னு ஒரு புல்வெளி இருக்கே, அங்கதான் ஹ்வாய்ஹ்வாய்னு ஒரு ஊர் இருந்துச்சு. (உச்சரிப்பு இதுக்கு மேல என் நாக்குக்கு வரல.) மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டுத்னு மூணு பழங்குடி மக்களோட இடம் அது எல்லாம். தலைமுறை தலைமுறையா சிப்பி சாப்பிட்டுப் போட்ட ஓடு மேடு மேடா குவிஞ்சு கிடந்துச்சு. 1888ல பார்க்குக்கு ரோடு போட வந்தவங்க அந்த மேட்டையே வெட்டி, அந்த ஓட்டையே ரோட்டு மேல பரப்பினாங்க. அதாவது ஒரு ஊரோட வரலாறு மொத்தத்தையும் ஜல்லியா அடிச்சுட்டாங்க.

ஆகஸ்ட் ஜாக் காட்சலானோன்னு ஒரு பெரியவர், அவர் சின்னப் பையனா அங்கதான் இருந்தார். பிற்காலத்துல நகர ஆவணக் காப்பாளர் மேத்யூஸ் கிட்ட சொல்லியிருக்கார், வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கும்போதே சர்வே ஆளுங்க வந்து வீட்டோட மூலையை வெட்டினாங்கன்னு. ரோடு அந்த வழியா போகுதாம். நீங்க எல்லாரும் பீச்சுக்குப் போறீங்களே கிட்ஸிலானோ, அந்தப் பேரே இவரோட தாத்தா பேரை ஒட்டித்தான்.

மரமும் அப்படித்தான். 1860கள்லருந்து 80கள் வரைக்கும் நல்ல மரமா பாத்து வெட்டி எடுத்திருக்காங்க, இப்ப உள்ள நடக்குற பாதைல சிலது அன்னிக்கு மரம் இழுத்த பாதை. அப்படியே வெச்சிருக்கான்னா எதை வெச்சிருக்கான்?

பச்சைத்தமிழன்:
சரி சரி, மரம் வெட்டினதை ஒத்துக்கறேன். ஆனா டோட்டம் கம்பம் எல்லாம் நட்டு அந்த மக்களுக்கு மரியாதை பண்ணியிருக்காங்களே?

கல்வெட்டு_பித்தன்:
அதுதான் இன்னும் பெரிய வேடிக்கை. அந்தக் கம்பங்கள் அந்த இடத்து மக்களோடது இல்ல. 1920கள்லயும் 30கள்லயும் வடக்க அலர்ட் பே, அப்பறம் ஹைடா குவாய் பக்கம்லருந்து வாங்கிட்டு வந்து வெச்சது, பழசு எல்லாம் மியூசியம் போயிருச்சு, இப்ப நிக்கறதுல பலதும் மறுபடி செதுக்கினது. இங்க இருந்த சேலிஷ் மக்களுக்கு (நான் சொன்ன மூணு கூட்டமும் சேலிஷ்தான்) அப்படி தனியா கம்பம் நடுற வழக்கமே கிடையாது, வீட்டுக்குள்ள தூண்தான் செதுக்குவாங்க. தஞ்சாவூர்க்காரனை வீட்டை விட்டுக் காலி பண்ணிட்டு, அவன் வாசல்ல கதகளி முகமூடி மாட்டி "உங்க கலாச்சாரம்"னு சொன்ன மாதிரி. கம்பம் வந்து இறங்கின அதே காலத்துலதான், ப்ராக்டன் பாயிண்ட்ல குடியிருந்த குடும்பங்க மேல ஆக்கிரமிப்புன்னு கேஸ் நடந்துச்சு. 1925ல கோர்ட் அவங்களுக்கு உரிமை இல்லைன்னு சொல்லி, 1931ல வீடுகளைக் கொளுத்திட்டாங்க. டிம் கம்மிங்ஸ்னு ஒருத்தர் மட்டும் 1958ல சாகற வரைக்கும் அங்கயே இருந்தார்.

ஒரு நியாயமும் சொல்லிடறேன், இல்லன்னா என்னைத் திட்டுவீங்க. 2008ல மஸ்குவியம் கலைஞர் சூசன் பாயிண்ட் செதுக்கின மூணு வாசல் அங்க வெச்சாங்க, அது இந்த மண்ணோடது. 2009ல ராபர்ட் யெல்ட்டன் ஒரு கம்பம் செதுக்கினார், அவர் அம்மா அந்த ப்ராக்டன் பாயிண்ட் வீடுகள்ல கடைசியா இருந்தவங்கள்ல ஒருத்தர். பஸ்ல வர்ற டூரிஸ்ட் கூட்டம் கலர் கலரா இருக்கற பெரிய கம்பத்து முன்னாடிதான் செல்ஃபி எடுக்கும். நீங்க இதைத் தேடிப் பாருங்க.

யாழ்_கடலோரம்:
நல்ல இழை. நான் 90களில வந்து இறங்கினனான், முதல் வேலை டவுன்டவுனில கோப்பை கழுவினது, வேலை முடிஞ்சா காசில்லாமல் போகக்கூடிய ஒரே இடம் ஸ்டான்லி பார்க்தான், அதால அந்தக் கடலோரம் எனக்கு வீடு மாதிரி. கல்வெட்டு தம்பி சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். நீங்கள் கோல் ஹார்பர் பக்கத்தால நடந்து வாறீங்களெண்டால், பார்க்குக்குப் போறதுக்கு முன்னமே ஹார்பர் கிரீன் எண்ட சின்னப் பூங்காவில கொமகாட்டா மாரு நினைவுச் சின்னம் இருக்குது. 1914 மே மாசம் இங்க குடியேறவெண்டு 376 இந்தியர்களோட வந்த கப்பல், கூடுதலாச் சீக்கியர்கள். அந்தத் துறைமுகத்துக்குள்ளயே ரெண்டு மாசம் நிப்பாட்டி வச்சு, ஏற்கனவே இங்க குடியிருந்த ஒரு இருபது பேர் மட்டில இறங்க விட்டிட்டு, ஜூலை 23 போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிப்பாட்டித் திருப்பி அனுப்பினவங்கள். அண்டைக்கு கரையில நிண்டு சனம் வேடிக்கை பார்த்த போட்டோ எல்லாம் இருக்குது.

அந்தச் சுவரில பேர்களை வாசிக்கேக்க எனக்கு 2010 ஆகஸ்ட்தான் ஞாபகம் வரும். சன் சீ கப்பல், 492 எங்கட சனம். அது வந்தது இந்தத் துறைமுகத்துக்கில்லை, வான்கூவர் தீவில எஸ்குவைமோல்ட்டுக்கு. அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பேல்லைத்தான், ஆனால் வந்தவையளை மாசக்கணக்கில மறியலில, அதாவது சிறையில, வச்சவங்கள். நாங்கள் கொஞ்சப் பேர் போய் மொழிபெயர்த்துக் குடுத்தனாங்கள். சரி, அது வேற கதை, இங்க வேண்டாம். தம்பி, அப்பாவை அந்த இடத்தில ஒரு அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுங்கோ, நடக்கவும் பெரிசா இல்லை.

நெல்லை_பர்னபி:
அண்ணா, கண்டிப்பா நிறுத்துறேன். இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது, தினமும் அந்தப் பக்கம்தான் ஆபீஸ்.

வனக்காவலன்:
நான் வேற டிபார்ட்மெண்ட். அம்மாவுக்கு மரம் பிடிக்கும்னு சொன்னீங்க, முன்னாடியே சொல்லி வெச்சுருங்க, உள்ள சில இடம் மொட்டையா இருக்கும், பாத்தா வயிறு எரியும். ஹெம்லாக் லூப்பர்னு ஒரு அந்துப்பூச்சி, அதோட புழு ஹெம்லாக் மரத்து ஊசி இலையை மொத்தமா தின்னுரும். 2019ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் விடாம தாக்கினதுல பார்க்கோட மரத்துல கால்வாசி, 1,60,000 மரம்னு கணக்கு சொன்னாங்க, அது போச்சு. காஞ்ச மரம் நின்னா தீப்பிடிக்கும், ஆள் மேல விழும்னு 2023ல இருந்து வெட்ட ஆரம்பிச்சாங்க.

பச்சைத்தமிழன்:
அது அநியாயம்னு கோர்ட்டுக்கே போனாங்க தெரியுமா? தேவைக்கு மேல வெட்டுறாங்கன்னு. உயிரோட இருந்த மரத்தையும் வெட்டுறாங்கன்னு என் பக்கத்து வீட்டுக்காரர் கொடி புடிச்சார்.

வனக்காவலன்:
தெரியும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நான் நடுவுல நிக்கறேன். ரோட்டோரமும் நடைபாதை ஓரமும் வெட்டினது எனக்கு சரின்னுதான் படுது, கோடையில பார்க்குக்குக் குறுக்க பாலத்துக்குப் போற அந்த ஒரே காஸ்வே ரோட்டை நம்பி எத்தனை வண்டி போகுது, தீப்பிடிச்சா என்ன ஆகும்? ஆனா உள் காட்டுக்குள்ள பெரிய மெஷினை இறக்கினா மண்ணு இறுகிப் போகும், அது சின்னக் கன்னுக்கு நல்லதில்ல. காஞ்ச மரம்னா வீண் மரம்னு அர்த்தம் இல்ல, மரங்கொத்திக்கு அதுதான் வீடு. பேசினா இழை திசை மாறும், தனியா ஆரம்பிங்க, வர்றேன்.

அம்மாவுக்கு என் சிபாரிசு ரெண்டு. ஒண்ணு, பீச் அவென்யூல பார்க் போர்டு ஆபீஸ் பக்கத்துல டென்னிஸ் கோர்ட் இருக்கு, அதுக்கு மேல இருக்கற மரம் பூரா நாரைக் கூடு. கிரேட் ப்ளூ ஹெரான், நம்ம ஊர் சாம்பல் நாரைக்கு பெரியப்பா பையன் மாதிரி இருக்கும். வசந்தத்துல வந்து கூடு கட்டும், ஜூன்ல குஞ்சு பெருசாகி கத்துற கத்துல காது கிழியும். வேடந்தாங்கலை நாலு மாடி மேல தூக்கி வெச்ச மாதிரி. தலையில தொப்பி போட்டுக்குங்க, ஏன்னு அங்க போனா தெரியும், நாத்தமும் வரும். இன்னொண்ணு லாஸ்ட் லகூன். சமதளம், ஏரியைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்குள்ளதான், பெஞ்சு நிறைய. அதுவும் முன்னாடி கடலோட சேந்த சதுப்பு, அலை இறங்கினா காணாமப் போயிடும், அதனாலதான் அந்தப் பேரு. காஸ்வே போட்டு அடைச்சதுக்கப்பறம்தான் ஏரியாச்சு.

கொங்கு_மருமக:
சாப்பாடு எடுத்துட்டுப் போனா பத்திரம்ங்க. ரக்கூன் கிட்ட வந்து நிக்கும், பாக்க பாவமா இருக்கும், கையை நீட்டும். குடுத்துடாதீங்க. நாங்க புளிசாதம் டப்பாவைத் திறந்து வெச்சுட்டு தண்ணி பாட்டில் எடுக்கத் திரும்பினோம், அவ்ளோதான், டப்பாவோட போச்சு. புளிசாதம் அதுக்கு ஒத்துக்கிச்சான்னு எங்க அத்தை ஒரு வாரம் கவலைப்பட்டாங்க.

வனக்காவலன்:
இதுல சிரிக்க ஒண்ணும் இல்லங்க. தீனி போட்டா 500 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்னு 2021ல விதி கொண்டு வந்தாங்க. அதுக்குக் காரணம் கயோட்டி. நம்ம நரி, குள்ளநரி மாதிரி. ஆளுங்க தீனி போட்டுப் பழக்கி, பயம் விட்டுப்போயி, 2020 கடைசியில ஆரம்பிச்சு அடுத்த செப்டம்பருக்குள்ள நாப்பது பேருக்கு மேல கடிச்சுருச்சு, சின்னக் குழந்தையும் அதுல. கடைசில பார்க்கையே ராத்திரியில மூடி, கயோட்டிகளைப் பிடிச்சுக் கொன்னாங்க. தீனி போட்டவன் எவனோ, செத்தது அதுங்க.

கொங்கு_மருமக:
அட ராமா, இது தெரியாதுங்க. இனி டப்பாவுக்குப் பூட்டு போட்டுக்கறேன்.

சைக்கிள்_சாமி:
நான் படிக்காம பதில் சொன்னதுக்குப் பரிகாரமா ஒரு உருப்படியான விஷயம் சொல்றேன். ப்ரோ உங்க அப்பா ஓவர்சியர்னு சொன்னீங்கல்ல? அவரை டோட்டம், பாலம்னு எங்கயும் இழுக்காதீங்க, நேரா சிவாஷ் ராக் கூட்டிட்டுப் போங்க. தேர்ட் பீச்ல வண்டிய விட்டுட்டு வடக்க, பாலம் இருக்கற பக்கமா நடந்தா ஒரு கிலோமீட்டர்தான், தரை பூரா சமதளம், ஏத்தம் இறக்கம் கிடையாது. கடலுக்குள்ள தனியா ஒரு பாறை நிக்கும், தலையில ஒரு மரம்.

பாறை சும்மா. அப்பாவுக்குக் காட்ட வேண்டியது சுவரு. சீவால்னா எல்லாரும் நடைபாதைன்னு நெனைக்கறாங்க, அது அலை கரையை அரிக்காம இருக்கக் கட்டின கல் கட்டு. 1917ல ஆரம்பிச்சு லூப் முழுசா சேந்தது 1971ல, முழுக்க தார் போட்டு முடிச்சது 1980ல. ஜேம்ஸ் கன்னிங்ஹாம்னு ஸ்காட்லாந்துக் கொத்தனார், 1931ல மேஸ்திரியா வந்தவர் 32 வருஷம் இதுலயே கிடந்தார். 1955ல ரிட்டயர் ஆனப்பறமும் விடல, மழைன்னும் பாக்காம வந்து வேலை எப்படிப் போகுதுன்னு பாப்பாராம். 1963ல செத்தார், சுவரு முடிஞ்சதைப் பாக்கல. அவரோட சாம்பலை சிவாஷ் ராக் கிட்டதான் வெச்சிருக்காங்க, பாறையில ஒரு பலகை இருக்கும். பொருளாதார மந்தம் வந்தப்போ வேலை இல்லாதவங்களுக்கு நிவாரணமா இந்த வேலையைத்தான் குடுத்தாங்க.

கல்வெட்டு_பித்தன்:
சாமி, இப்பதான் நீங்க உருப்படி. ஆனா "பாறை சும்மா"ன்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க. ஸ்குவாமிஷ் மக்கள் கதையில அது ஒரு மனுஷன். பிள்ளை பொறக்கப் போகுதுன்னு உடம்பைச் சுத்தம் பண்ண கடல்ல நீந்திட்டு இருந்தவன், தெய்வங்க படகுல வந்து வழி விடுன்னு சொல்லியும் நகரல, அப்பன் சுத்தமா இருந்தாதான் பிள்ளை சுத்தமா இருக்கும்னு நீந்திக்கிட்டே இருந்தான், அதை மெச்சி அவனைக் கல்லா நிக்க வெச்சாங்க. கவிஞர் பாலின் ஜான்சன் 1911ல எழுதி வெச்ச கதை இது, அவங்க சமாதியும் தேர்ட் பீச் பக்கத்துலயே பெர்குசன் பாயிண்ட்ல இருக்கு. "சிவாஷ்" அப்படிங்கற சொல்லே அந்த மக்களை இழிவா கூப்பிட்ட சொல், பிரெஞ்சுல "காட்டுமிராண்டி"ன்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலருந்து வந்தது. சாமி கும்பிடற மாதிரி கதை, அதுக்கு இப்படி ஒரு பேரு.

ரெயின்கோட்_ராணி:
இருட்டற வரைக்கும் இருக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை, ராத்திரி சரியா 9 மணிக்கு பீரங்கி வெடிக்கும். 1816ல இங்கிலாந்துல வார்த்த பீரங்கி, தினமும் வெடிக்கறாங்க. ஜூன்ல 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால நேரம் போறதே தெரியாது, திடீர்னு டமார்னு கேக்கும். பெரியவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுருங்க. 1969ல காலேஜ் பசங்க அந்தப் பீரங்கியையே தூக்கிட்டுப் போயி, குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு நன்கொடை குடுத்தாதான் திருப்பித் தருவோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்பறம்தான் இப்ப இருக்கற கூண்டு.

யாழ்_கடலோரம்:
இன்னொண்டு மறந்திட்டன். அக்வேரியத்துக்குக் கிட்ட ஜப்பான் கனேடியர் போர் நினைவுத் தூண் இருக்குது, 1920இல வச்சது, முதலாம் உலகப் போரில கனடாவுக்காகச் செத்த ஜப்பான்காரற்ற பேர்கள். உச்சியில ஒரு விளக்கு. 1942இல ஜப்பான் சனம் முழுப்பேரையும் கடற்கரையை விட்டுத் துரத்தேக்க அந்த விளக்கையும் நூத்திட்டாங்கள். திரும்பக் கொளுத்தினது 1985இல. பக்கத்தில செரி மரங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் பூ ஏப்ரலில தான்.

நெல்லை_பர்னபி:
போயிட்டு வந்தாச்சு மக்களே. ரிப்போர்ட் லேட்டானதுக்கு மன்னிக்கணும், ஞாயித்துக்கிழமை பூரா தூங்கினேன்.

பார்க்குக்குள்ள நாலு இடம்னு போட்ட பிளான் ரெண்டாச்சு. காலையில ஹார்பர் கிரீன் போனோம், யாழ் அண்ணா சொன்ன சுவரு முன்னாடி அப்பா நின்னாரு, விஷயத்தைச் சொன்னேன், "ரெண்டு மாசமா தண்ணிக்கு என்னல செஞ்சானுவ"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல, வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன், தண்ணி சோறு இல்லாம தவிக்க விட்டிருக்காங்க. முதல் கேள்வியே அதுதான் கேட்டாரு, நாப்பது வருஷம் சைட்ல ஆளுங்களை வெச்சு வேலை வாங்கினவரு.

அடுத்து நாரை. அம்மா அண்ணாந்து பாத்தபடியே முக்கால் மணி நேரம். தொப்பியைக் கார்லயே மறந்துட்டேன். வனக்காவலன் சார், ஏன்னு புரிஞ்சுது, என் சட்டையில புரிஞ்சுது. ஒரு தாய் நாரை வந்து குஞ்சு வாயில கக்கறதைப் பாத்து அம்மா பக்கத்துல நின்ன ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கையைப் புடிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவா கிடையாது, ஆனா பேசிக்கிட்டே இருந்தாங்க, ஒருத்தங்க தமிழ்ல ஒருத்தங்க இங்கிலீஷ்ல.

அப்பறம் தேர்ட் பீச். சைக்கிள் சாமி ப்ரோ, உங்களுக்கு ஒரு கும்பிடு. அப்பா முதல் இருநூறு அடி "இன்னும் எவ்வளவு தூரம்"னு கேட்டுக்கிட்டே வந்தாரு. கன்னிங்ஹாம் கதையைச் சொன்னேன். அவ்ளோதான், கேள்வி நின்னுருச்சு, ஓரமா குனிஞ்சு சுவத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. கல்லைத் தட்டிப் பாக்காரு, இணைப்புல நகத்தை வெச்சுச் சுரண்டுதாரு. "இந்தா இது பழைய கட்டு, இந்தா இங்கன புதுசா பூசியிருக்கான், கலர் வேற பாரு." 2022 ஜனவரியில புயலும் பெரிய அலையும் சேந்து வந்து சீவாலைப் பெயர்த்ததை நான் நியூஸ்ல பாத்திருக்கேன், சொன்னேன். "பெயராம என்ன செய்யும், கடல் கிட்ட கட்டுன எதையும் கட்டி முடிச்சேன்னு சொல்லக் கூடாதுல"ன்னாரு. உக்காரணும்னு ஒரு தடவை கூடச் சொல்லல. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்னேகால் மணி நேரம் ஆச்சு, பின்னால வந்த ஜாகிங் ஆளுங்க எல்லாம் சுத்திப் போனாங்க.

பலகைகிட்ட வந்ததும் படிச்சுச் சொல்லச் சொன்னாரு. கல்வெட்டு சார் சொன்ன அந்தப் பாறைக் கதையையும் சொன்னேன், அதுக்கு ம் மட்டும்தான் கொட்டினாரு. பலகையையே பாத்துட்டு, "32 வருஷம் ஒரே வேலை, டிரான்ஸ்பர் போடலையா அவனை?"ன்னு கேட்டாரு.

டோட்டம் கம்பம் பாக்கல, ப்ராஸ்பெக்ட் பாயிண்ட் பாக்கல, பீரங்கி சத்தத்தை பார்க்கிங்ல கார் கதவைச் சாத்தும்போது தூரத்துலருந்து கேட்டோம். அம்மா "யார் வீட்டுலயோ கல்யாணம் போல"ன்னாங்க.

கொங்கு_மருமக:
படிக்கவே நல்லா இருக்குதுங்க. புளிசாதம் தப்பிச்சுதா?

நெல்லை_பர்னபி:
தப்பிச்சுது அக்கா, டப்பாவை மடியிலேயே வெச்சுக்கிட்டு அம்மா சாப்பிட்டாங்க. அடுத்த சனிக்கிழமையும் போகணுமாம் அப்பாவுக்கு. பாலத்துக்கு அடியில கட்டு எப்படி இருக்குன்னு பாக்கணுமாம். ராணி அக்கா, நீங்க சொன்ன அந்த வழி இல்லாத பகுதிதானே அது? எந்தப் பக்கத்துலருந்து போனா பாதியில திரும்பி வர வசதி?

ரெயின்கோட்_ராணி:
தம்பி, லம்பர்மென்ஸ் ஆர்ச் பக்கம் வண்டிய விட்டுட்டு, பாத்ரூம் போயிட்டு, அங்கருந்து மேற்க பாலம் வரைக்கும் போயிட்டு அதே வழியா திரும்பிருங்க, பாலத்தைத் தாண்டாதீங்க. போக மட்டுமே ரெண்டு கிலோமீட்டர் கிட்ட வரும். மடக்கு நாற்காலி ஒண்ணு கையில எடுத்துக்குங்க, அளவெடுக்க உக்காரன்னு சொல்லுங்க, மறுக்க மாட்டாரு. அப்பறம் அந்தப் பாறைச் சரிவுல கல்லு உருளும்னு சில நாள் அந்தப் பகுதியையே மூடி வெச்சிருப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி சிட்டி வெப்சைட்ல ஒரு தடவை பாத்துக்குங்க.